ஒரு சாண் ஓரம்

ஈசனையும் எங்கள் குலதெய்வம் அய்யனாரையும் நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலர் போட வேண்டும், அதில் மாமாதான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் செல்வி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். நான் பத்தாவதோடு நின்றவன். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்ததைத் தவிர அச்சில் வரும்படி எதுவும் எழுதியதில்லை. உடம்பும் முன்போல இல்லை. நாலு வரி எழுதினால் படுத்துக்கொள்ளலாமா என்று இருக்கிறது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது வெண்ணாற்றங்கரையில் இதே ஊரில், இதே மனையில். அப்போது கூரை வீடு. அக்காவுக்கு ஒன்பது வயதாகும்போது நான் பிறந்தேன். எட்டாவது வரை படித்தார்கள். மேலே படிக்க மன்னார்குடி போக வேண்டும் என்பதால் அப்பா நிறுத்திவிட்டார். அதைப் பற்றி அக்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் செல்வியைப் பள்ளியில் சேர்த்த அன்று, "இவ படிப்ப நிறுத்தணும்னு எவனாவது பேசினா அவனுக்குச் சோறு கிடையாது" என்று அப்பா காதில் விழும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

சீர்காழிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அத்தான் தங்கமானவர். செல்விக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா ஒரு இரும்புப் பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு குழந்தை என்று பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். காலையில் நடவுக்குப் போவார்கள். மதியம் வந்து குளித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை ஜாக்கெட் தைப்பார்கள். ஊரில் எல்லோருடைய அளவும் அக்காவுக்கு மனப்பாடம். யாராவது இளைத்துப்போனால் முதலில் கண்டுபிடிப்பது அக்காதான். "என்னடி, வீட்டுல சோறு போடலயா, ரெண்டு பக்கமும் பிடிக்கணும் போலயிருக்கே" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டு ஒரு பெண் அழுதுவிட, அவளை இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிறகு தானே கூட்டிப்போய் அவள் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்ததும் உண்டு.

அக்கா தைத்த விரிப்புகளைப் பற்றித்தான் நான் இதில் எழுத நினைத்தேன். எங்கள் வகையறாவில் பிறந்த பிள்ளைகளில் அக்கா தைத்த விரிப்பில் படுக்காத பிள்ளை இல்லை. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் அக்கா நாலு வீட்டில் நாலு பழைய நூல் புடவை கேட்டு வாங்குவார்கள். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருக்க வேண்டும். மூன்று புடவையை மடித்து அடுக்கி, மேலிருந்து கீழ் வரை நெருக்கமாக நூல் ஓட்டுவார்கள். நாலாவது புடவையைக் குறுக்கு வாட்டத்தில் வெட்டினால் நாலு விரல் அகலத்தில் நீளமாகப் பட்டி வரும். அந்தப் பட்டியை விரிப்பின் ஓரத்தில் முன்பக்கம் வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பி மடித்து எம்மிங் செய்துகொண்டே சுற்றி வர வேண்டும். மிஷின் இருந்தாலும் விரிப்புக்கு மட்டும் கைத்தையல்தான். மிஷின் தையல் பிள்ளையின் தோலை அறுக்கும் என்பார்கள்.

இதில் அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நாலு ஓரமும் சுற்றி வந்து கடைசியில் ஒரு சாண் தைக்காமல் விட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்து, பேர் வைத்த அன்றைக்குத்தான் அந்த ஒரு சாணை மூடுவார்கள். பேர் இல்லாத பிள்ளைக்கு முழு விரிப்பு ஆகாதாம். யார் சொல்லி வந்த வழக்கம் என்று தெரியவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ். விடியும்போது கிளம்பி, பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, நாலு மணி நேரம் மிஷினில் கிடந்து, அடித்துப்போட்ட மாதிரி வீடு வந்து சேர்வோம். கூடப் போய் வரும் எனக்கே முதுகு விட்டுப்போகும். நடவு நேரத்தில், அறுப்பு நேரத்தில், மழையில், எல்லாம் இதே ஓட்டம்தான். அலுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா காதுபடவும் ஓரிரு முறை அலுத்துக்கொண்டேன். இதை மறைத்து எழுத மனம் வரவில்லை. அதற்கு அக்கா பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுப்பார்கள்.

மன்னார்குடியில் கட்டிக்கொடுத்திருந்த செல்விக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது முறையாக நின்றபோது அக்கா விரிப்புக்குத் துணி சேர்க்க ஆரம்பித்தார்கள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இடது கை அதற்குள் வீங்கி மரத்துப்போயிருந்தது. தைக்கும்போது துணியைப் பிடிக்க அந்தக் கை வரவில்லை. அதனால் நான் எதிரில் உட்கார்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன், அக்கா வலது கையால் தைப்பார்கள். நான் வாழ்நாளில் தைத்தது நெல் மூட்டைதான். கோணூசியும் சணலுமாகச் சாக்கின் வாயை இறுக்கிப் பழகிய கை. அந்தப் பழக்கத்தில் துணியையும் இழுத்துப் பிடிப்பேன்.

"இழுக்காதடா. நெல்லா ஒழுகப் போவுது? துணி மூச்சு விடணும்" என்பார்கள்.

மூலை வரும்போது மட்டும் என் கையை விலக்கிவிட்டுத் தானே மடிப்பார்கள். காகிதக் கப்பல் மடிக்கிற மாதிரி ஒரு மடிப்பு. ஒன்றரை ஓரம் அப்படி முடிந்தது. பட்டி மீதியைச் சுருட்டி விரிப்பிலேயே ஊக்கு குத்தி வைத்திருந்தார்கள். சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, காபியைக் குடித்துவிட்டு, "சித்த சாயறேன், அப்புறம் பிடி" என்று கட்டிலில் சாய்ந்தார்கள். விரிப்பு மடியில் இருந்தது. ஊசி குத்தியபடி இருந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செல்வி அப்போது ஐந்து மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். மாப்பிள்ளை மட்டும் வந்தார். அம்மாவைச் செல்வி போனில்தான் பார்த்தாள்.

திருவிடைமருதூரிலிருந்து எங்கள் அத்தை வந்தார்கள். அப்பாவுடன் பிறந்தவர்கள், எண்பதைத் தாண்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அத்தை சொல்கிறபடிதான் நடக்கும். வந்து உட்கார்ந்து அழுது முடித்ததும், பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் ஆற்று மணலில் கொண்டுபோய் விட எடுத்துக் கட்டச் சொன்னார்கள். பிறகு விரிப்பைப் பார்த்தார்கள்.

"அதையும் எடு. உசுரு போன படுக்கையில இருந்தது. பச்சப் புள்ளைக்கு ஆவாது. ரெண்டு போயிருக்கு, மூணாவதாச்சும் நிக்கட்டும்."

அத்தை சொன்னதில் தப்பில்லை. செல்வி மேல் உள்ள பயத்தில் சொன்னார்கள். நான் விரிப்பை எடுத்துக்கொண்டு மற்ற சாமான்களோடு போனேன். ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் எங்கள் மோட்டார் கொட்டகை இருக்கிறது. கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. காலி உரச்சாக்குக்குள் விரிப்பைத் திணித்து, மற்ற சாக்குகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்ததும் அத்தை, "விட்டாச்சா?" என்று கேட்டார்கள். அக்கா தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "விட்டாச்சு அத்தை" என்றேன்.

நாலாம் நாள் செல்வி போன் செய்தாள். "மாமா, அம்மா தைச்சுக்கிட்டு இருந்தாங்களே, அது எங்க?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன்.

ஒருவருக்கு இல்லை என்றும் இன்னொருவருக்கு இருக்கிறது என்றும் சொல்லியாகிவிட்டது. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டும். அக்கா புடவைகளைக் கருமாதி அன்றே அத்தை கொடுத்துவிட்டார்கள். அந்த விரிப்பு ஒன்றுதான் செல்விக்கு மிச்சம். ஆனால் அதைக் கொடுத்து, அத்தை பயந்தபடி ஏதாவது நடந்துவிட்டால் யார் முகத்தில் நான் விழிப்பது? பிரசவம் வரை அந்த நாலு மாதமும் இந்த யோசனைதான். வயலுக்குப் போனாலும் இதுதான், சாமி கும்பிட்டாலும் இதுதான். சோறு இறங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், இறங்கியது. ருசி தெரியவில்லை.

பதினாறு நாள் தீட்டு கழிந்ததும் சிவன் கோயில் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னேன். துணிக்குத் தீட்டு என்றால் தண்ணீரில் அலசினால் போய்விடும், மனசில் இருக்கிற தீட்டைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆற்றில் அப்போது மணல்தான் கிடந்தது. அணை திறந்து, புதுத்தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர ஆனி கடைசி ஆனது. வந்த மறுநாள் விடிந்ததும் விரிப்பை எடுத்துப்போய் ஆற்றில் மூன்று முறை முக்கி, நன்றாகக் கும்மி அலசினேன்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஓரம் மூடாத துணியைத் தண்ணீரில் போடக்கூடாது. இதை அக்கா எத்தனையோ முறை சொல்லி இருக்கிறார்கள். எனக்குத் தீட்டு போக வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. கரையில் விரித்துப் பார்த்தால், அக்கா தைத்த ஒன்றரை ஓரம் அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டரை ஓரமும் பிரிந்து, நூல் நூலாகத் தொங்குகிறது. ஊக்கு குத்தியிருந்த பட்டிச் சுருளும் ஓரமெல்லாம் பிசிறடித்துச் சுருங்கிப்போய்விட்டது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா போன அன்று எனக்குக் கண்ணீர் சரியாக வரவில்லை. அன்றைக்கு வந்தது.

காய வைத்து, பிசிறையெல்லாம் வெட்டிச் சமன் செய்து, குறுவை நடவு முடிந்த பிறகு மத்தியான வேளையில் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். கண்ணாடியைப் போட்டால் ஊசி தெரிகிறது, துணி மங்குகிறது. கழற்றினால் துணி தெரிகிறது, ஊசி தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஒரு ஓரம் முடித்துத் தரையில் விரித்தேன். விரிப்பு தரையில் படியவில்லை. வாய் கட்டின மூட்டை மாதிரி சுருங்கி எழும்பி நிற்கிறது. அப்போதுதான் என் மனைவி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒளிக்க நேரமில்லை.

விரிப்பை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இதுல எத்தனை மரக்கா நெல்லு பிடிக்கும்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தூக்கை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "குடுங்க, நான் தைக்கிறேன். அண்ணி எனக்குந்தான் தைச்சுக் குடுத்தாங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை. தீட்டு என்று ஒன்று இருந்தால் அது என் கையோடு நிற்கட்டும், இரண்டு பேருக்கு வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டு வந்து, நான் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தைத்த ஒரு ஓரத்தையும் முதலிலிருந்து பிரித்தேன். மறுபடி தைத்தேன். மூலை மடிப்பு எனக்கு வரவே இல்லை. எத்தனை முறை பிரித்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பட்டி கொஞ்சம் கிழியும், வெட்டுவேன். துணி மூச்சு விடணும், துணி மூச்சு விடணும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நூலைத் தளர்த்தி விடப் பழகினேன். விரல் நுனியெல்லாம் சல்லடையாகிவிட்டது. அக்கா இதை வருடா வருடம், நடவு நட்ட கையோடு எப்படிச் செய்தார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன். அதுவரை நினைத்ததில்லை.

கடைசியில் ஒரு சாண் மிஞ்சும்போது பட்டி தீர்ந்துவிட்டது. அக்கா விட்டு வைக்கிற அளவும் அதுதான். ஆனால் அக்கா துணி கையில் இருந்துகொண்டே விட்டு வைப்பார்கள். என் கையில் துணி இல்லை. வேறு புடவை வெட்டிப் போடலாம்தான். எதை வெட்டவும் மனம் ஒப்பவில்லை. அப்படியே மடித்து வைத்தேன்.

ஆவணியில் ஆண்டவன் அருளால் செல்விக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. எங்கள் வீட்டில் துக்கம் கழியாததால் மன்னார்குடியிலேயே மாப்பிள்ளை வீட்டில் பேர் வைத்தார்கள். நானும் மனைவியும் போனோம். அத்தையும் பேரனோடு காரில் வந்து இறங்கினார்கள். அத்தை கிளம்பிய பிறகு கொடுக்கலாம் என்றுதான் விரிப்பைப் பையில் வைத்திருந்தேன். பேர் வைத்து முடித்ததும் செல்வி எல்லோர் முன்னாலும் கையை நீட்டினாள். "மாமா, குடுங்க" என்றாள். அம்மா முகத்தைக் கடைசியாக நேரில் பார்க்க முடியாத பெண். அவளிடம் அப்புறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் எடுக்கவில்லை. பிறகு தரையில் விரித்துக் குழந்தையை அதில் போட்டாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்துல விட்டாச்சுன்னு சொன்ன" என்றார்கள்.

"பொய் சொன்னேன் அத்தை."

அத்தை என் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தார்கள். அத்தைக்குக் கண் பார்வை குறைவு. விரலால் விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை ஓரம் தடங்கல் இல்லாமல் போனது. விரல் நின்றது.

"இது வரைக்கும் அவ. இது யாரு, நீயா?"

"ஆமா அத்தை."

"சாக்குக் கணக்கால்ல இருக்கு."

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை விரல் மேலும் போய், பட்டி இல்லாத இடத்தில் பிசிறு தட்டுப்பட்டு நின்றது. பேர்தான் வைத்தாகிவிட்டதே, ஏன் இன்னும் மூடவில்லை என்று கேட்டார்கள். ஆற்றில் அலசியது, பட்டி பிசிறடித்தது, வெட்டியது, தீர்ந்தது எல்லாம் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார்கள். தன் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, என் மனைவியிடம் நீட்டி, குறுக்காக நாலு விரல் வெட்டச் சொன்னார்கள். கட்டியிருந்த புடவை. அவள் தயங்கினாள்.

"வெட்டுடி. எம்பத்திரண்டு வயசு உசுரு ஓடுன உடம்புல கெடந்த துணி. அந்தப் படுக்கைக்கு இது சரியாப் போவும்."

பிறகு என்னைப் பார்த்து, "உக்காந்து தை. இழுக்காத" என்றார்கள். அக்கா சொன்ன சொல் அத்தைக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை அக்காவுக்கே அத்தை சொல்லிக் கொடுத்ததோ என்னவோ.

அத்தனை பேர் பார்க்க, குழந்தை மேலேயே படுத்திருக்க, அந்த ஒரு சாணை மூடினேன். எதிரில் ஓரத்தைச் செல்வி பிடித்துக்கொண்டாள். குழந்தை விழிக்கவில்லை.

குழந்தைக்கு என்ன பேர் என்று உங்களுக்கு எல்லாம் தெரியும். அது அக்கா பேர் என்பதால் நான் வாயால் சொல்வதில்லை, பாப்பா என்பேன். என் மனைவி ஒரு படி மேலே போய் அண்ணி என்றே கூப்பிடுகிறாள். "அண்ணி ஈரம் பண்ணிட்டாங்க, விரிப்பைத் துவைச்சுப் போடு" என்று போனில் செல்விக்குச் சொல்வதைக் கேட்டால் வெளியார் என்ன நினைப்பார்களோ தெரியாது. இப்போது எத்தனை முறை துவைத்தாலும் ஒரு நூல் பிரிவதில்லை.

அக்காவின் கடைசிக் காலத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அக்காவை அம்மா, அம்மா என்று கூப்பிட்டு ஊசி போட்ட நர்ஸ் பிள்ளைகள், மழையில் பஸ் வராத நாளில் எல்லாம் பாதி வழி வந்து ஏற்றிக்கொண்ட ஆட்டோ தம்பி, அக்காவோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டிய பக்கத்து வயல்காரர்கள், விரிப்புக்குப் புடவை கொடுத்த நாலு வீட்டுப் பெண்கள், காரியத்தன்று தோள் கொடுத்த அனைவரும் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவை இழந்த பெண்ணை ஒரு சொல் நோகாமல் வைத்திருக்கும் சம்பந்தி வீட்டாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். விட்டுப்போன பேர் இருந்தால் அது என் அசதி, நன்றி இல்லாமல் அல்ல.

அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள். சாவு வீட்டில் விளக்கு முன்னால் நான் சொன்ன பொய்க்கு இந்த மலர் மூலம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். பாப்பா தவழ்கிறது. விரிப்பை இழுத்துக்கொண்டே தவழ்கிறது. பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. நாலு ஓரத்தில் அக்கா தைத்த இடம் இருக்கிறது, நான் தைத்த இடம் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு, நிறம் மாறி நிற்கிற அந்த ஒரு சாணைத்தான் தேடிப் பிடித்துச் சப்புகிறது.

அக்கா, மூடியாகிவிட்டது. இனி நீங்கள் சாய்ந்துகொள்ளலாம். நானும் கொஞ்சம் சாய்கிறேன்.

தம்பி